உப்பு பூத்த துணி

மகள் பதினொன்றாவது படிக்கிறாள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் ஆப்பிரிக்கத் துணிகளைப் பற்றிப் படித்து, அதே போலத் தாங்களே செய்து, பள்ளிக்கூட ஹாலில் கண்காட்சி வைத்தார்கள். மாலி என்றொரு நாட்டில் துணியில் சேற்றால் படம் போடுவார்களாம். மகள் நான் வேலை செய்யும் உப்பளத்துக்கு வந்து, பாத்தியின் அடியிலிருந்து கறுப்புச் சேறு அள்ளினாள். கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து மஞ்சளாக்கிய துணியை வரப்பில் விரித்து, குச்சியால் மீனும் அலையும் கட்டமுமாக வரைந்தாள். சேறு காய்ந்ததும் அலசவேண்டும். பக்கத்திலேயே தண்ணீர் கிடக்கிறதே என்று பாத்தியில் முக்கி எடுத்துவிட்டாள். உப்பளத்துப் பிள்ளைக்கு அதுவும் தண்ணீர்தான்.

கண்காட்சி அன்று காலையில் துணி விறைத்துக் கிடந்தது. மேலெல்லாம் உப்பு பூத்திருந்தது.

"என்னுதுக்கு இடம் தரமாட்டாங்கப்பா" என்று வழி முழுக்க அழுதாள். வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஹால் கதவோரம் நின்றேன்.

எந்தத் துணிக்கு எந்த இடம் என்று முடிவு செய்தது அவளுடைய வகுப்புத் தோழி. "இன்னாடி இது, அப்பளமா? பொரிச்சே எடுத்தாந்திருக்கலாமே!"

"பாத்தித் தண்ணில அலசிட்டேன்டி."

எல்லோரும் சிரித்தார்கள். நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண் துணியைச் சுவரில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். மூலையில் வைக்கத் தூக்கிக்கொண்டு போனவள் ஜன்னல் பக்கம் சட்டென்று நின்றாள். பின்னாலிருந்து வெயில் விழுந்தது. கறுப்பு மீன்களின் மேல் செதில் செதிலாக ஏதோ மின்னியது.

"டேய், கயிறு கொண்டாங்கடா! இத இங்கயே கட்டணும்."

கட்டினார்கள். ஒருபுறம் முடிச்சுப் போட்டு நீலச் சாயம் ஏற்றிய துணி, மறுபுறம் பட்டை பட்டையாகத் தைத்துச் சேர்த்த துணி, நடுவில் என் மகளுடையது. இத்தனையும் இந்தப் பிள்ளைகளின் கைவேலையா என்று அண்ணாந்து பார்த்தேன். இத்தனை வருஷமாக உப்பு வாருகிறேன். கண் கூசுகிறது என்று குனிந்தே வாரியிருக்கிறேன். இப்படி நிமிர்ந்து அதைப் பார்த்ததில்லை.

துணிக்குக் கீழே அட்டை வைத்தார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தேன்: துணி, கடுக்காய், உப்பளச் சேறு, உப்பு.

பார்க்க வந்த மீன்காரம்மா ஒருவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "அட, நெசமாவே உப்புதாம்மா!"

ஹாலே சிரித்தது. இந்தமுறை மகளும் சேர்ந்து சிரித்தாள். தோழி பேனாவை எடுத்து அட்டையில் இன்னொரு வரி சேர்த்தாள்: நக்கிப் பார்க்க வேண்டாம்.