வெறும் பானை விற்காத வள்ளியம்மா

ஓடிப்போகிறவள் பித்தளைப் பானையை இடுப்பில் தூக்கிக்கொண்டா போவாள்? அதை யோசித்துவிட்டுப் பேசட்டும் அந்த வாய்கள். வேன் ஓட்டும் ஆறுமுகத்தோடு போய்விட்டாளாம். ஆறுமுகம் அன்று சாயங்காலமே திரும்பி வந்து, எல்லோர் கண்முன்னாலும் கடைவாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தான். அவனைக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. வீட்டுக்குள் மஞ்சள் அரிசி வைத்து, பின்னால் வருகிறவர்களுக்குச் செய்வினை செய்துவிட்டுப் போனாளாம். பின்னால் யார் வரப்போகிறார்கள்? அடுத்த மாதம் புல்டோசர்தான் வரப்போகிறது. அதற்கா செய்வினை?

வள்ளியம்மாவைப் பேசுவதென்றால் முதலிலிருந்து பேச வேண்டும். லாபு பக்கத்துத் தோட்டத்தில் வேலையாட்களின் வரிசை வீடுகளில் கடைசி லயத்தில், கடைசி வீடு அவளுடையது. புருஷன் சன்னாசி செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன். அவன் போய் நான்கு வருடம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. தோட்டத்தை வீடு கட்டுகிறவர்கள் வாங்கிவிட்டார்கள் என்றதும், மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புதுக் குடியிருப்புக்கு, தாமானுக்கு, குடிபோனார்கள். லயத்தில் மிச்சமிருந்தது வள்ளியம்மாவும், இரண்டு வீடு தள்ளி இருந்த லெட்சுமி குடும்பமும்தான்.

வள்ளியம்மா போக வேண்டிய இடம் லோபாக். சன்னாசியின் தம்பி நல்லசாமி வீட்டின் பின்பக்க அறை. அவனும் நல்லவன்தான். ஆனால் முதல் நாளே சொல்லிவிட்டான்.

"அண்ணி, ஒரு பெட்டி, ஒரு பாய், அவ்வளவுதான் எடம் இருக்கு. அண்டா குண்டானெல்லாம் பழைய இரும்பு லோரிக்காரங்கிட்ட போட்டுடுங்க."

தோட்டத்தில் நடந்த பாதிக் கல்யாணத்துக்குச் சோறு வடித்தவள் அவள். அவளிடம் இருந்த பாத்திரம் எதுவும் அலமாரியில் அழகுக்கு நின்றதில்லை. அந்த லோரியைப் பார்த்திருக்கிறாள். குடத்தைக் காலால் மிதித்து, நசுக்கித்தான் ஏற்றுவார்கள், இடம் அடைக்காமல் இருக்க. சன்னாசி சாப்பாடு கொண்டுபோன, எனாமல் பூசிய மங்குத் தூக்கையும் ஒருவன் அப்படித்தான் மிதிப்பான். எல்லாம் ஒரு அடுப்படிக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகுதான் அவள் லோபாக்குக்குப் போவாள்.

அப்படித்தான் கைப்பேசி ஏலத்தில் சேர்ந்தாள். பழம்பொருள் ஏலத்துக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு. நடத்துகிறவர் லோபாக்கில் கடை வைத்திருக்கும் ஹேமநாதன். எழுதத் தெரியாதவளுக்கு அங்கே என்ன வேலை என்று சிரித்தார்கள். பொத்தானை அழுத்திப் பிடித்துக் குரலில் பேசத் தெரிந்தால் போதாதா? அவள் பேசினாள்.

முதலில் போட்டது ஒரு செம்பு. வீட்டைவிட்டு வெளியே போகிற பொருள் அழுக்காய்ப் போகலாமா என்று புளியும் சாம்பலும் போட்டு, கை ஓய்கிறவரை தேய்த்து, தங்கம் மாதிரி ஆக்கிப் படம் எடுத்தாள். ஒருவரும் கேட்கவில்லை. யாரோ ஒருவர் இரக்கப்பட்டு எடுத்தார். மறுநாள் ஹேமநாதன் அழைத்தார்.

"ஏன்க்கா, பழசைத் தேடி வர்றவங்கிட்ட புதுசைக் காட்டுனா எப்படிலா? அந்தக் கறுப்புக்குத்தான் காசே. இனிமே தொடாதீங்க. தூசி தட்டுங்க, போதும்."

"அழுக்கோட குடுத்தா என்னைத்தானே பேசுவாங்க?"

"பேச மாட்டாங்கக்கா. கூடுதலா கேப்பாங்க."

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டாள். பிறகு அவர் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகப் பழகிவிட்டது. காலை வெயில் ஏறுவதற்கு முன்பு பின்வாசலில் வைத்துப் படம் எடுக்க வேண்டும், பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்தால் அளவு தெரியும். விலையைத் தாழ்வாகத் தொடங்கினால்தான் இரண்டு பேர் போட்டிக்கு வருவார்கள். முடிகிற நேரம் ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி. அப்போதுதான் ஆட்கள் தின்றுவிட்டுப் படுத்துக் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பார்கள். ஒன்றை மட்டும் யாரும் சொல்லித்தராமலே அவள் செய்தாள். எங்கே ஒட்டு, எங்கே நெளிவு, எங்கே மங்கு உதிர்ந்திருக்கிறது என்று விரலை வைத்து, அதையே தனிப்படமாகப் போட்டாள்.

"கக், அடா ரெத்தாக்?" என்று ஒரு மலாய்ப் பெண் விரிசலைப் பற்றிக் கேட்பாள். இவள் தோட்டத்து மலாயில் விரிசலைச் சொல்லிவிட்டு, அந்த விரிசல் விழுந்த கல்யாணத்தையும் சொல்வாள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஐந்து நிமிடம், ஏழு நிமிடம்.

"ஏழு நிமிஷம் பேசியிருக்கீங்க அக்கா! யாரு கேப்பா?" என்பார் ஹேமநாதன். "முக்கியமானதை மொதல்ல சொல்லுங்க. ஒரு நிமிஷம். முடிஞ்சிச்சி."

"கேக்கறவங்க கேப்பாங்க."

பிடிவாதம்தான். ஆனால் அவள் நாளெல்லாம் யாரிடம் பேசுவாள்? காலையில் எழுந்து வெளியே வந்தால் பூட்டிய கதவுகள். கூரைத் தகரம் கழற்றிய வீடுகளுக்குள் மழை பெய்யும் சத்தம். சாமான் விற்றுவிட்டால் கேள்வியும் நின்றுவிடும். ஞாயிறு ஐந்து மணிவரை கைப்பேசி துள்ளிக்கொண்டே இருக்கும். ஐந்து மணி தாண்டி ஒரு நிமிடத்தில், விற்றது என்று ஹேமநாதன் சொன்னதும் எல்லோரும் அடுத்த ஆளின் பொருளுக்குப் போய்விடுவார்கள். அவள் கைப்பேசியை மாடத்தில் வைப்பாள். அதற்குப் பிறகு உலை வைக்க எழுந்திருப்பாள், அரைச் சுண்டு அரிசிக்கு.

லெட்சுமி ஒரு நாள் யோசனை சொல்ல வந்தாள்.

"எங்க மருமவன ஏலத்துல கேக்க சொல்றேன் வள்ளி. சும்மா ஏத்தி வுடுவான். வெலை ஏறுனதும் நழுவிக்குவான்."

"வேணாம்டி."

"எல்லாரும் செய்றதுதான்லா."

"வாங்குறவ என்னை நம்பி கேக்குறா. அவ மூஞ்சிய நான் பாக்கலங்கிறதுக்காக ஏமாத்தலாமா?"

"அப்ப நாங்க ஏமாத்துக்காரங்களா?"

அதோடு லெட்சுமி படியேறவில்லை. இருந்த ஒரு பேச்சுத்துணையும் அன்று போனது. வாயை மூடிக்கொண்டு சரி என்றிருந்தால் பிற்பாடு வந்த வம்பு வந்திருக்காது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

இப்போது அந்த மஞ்சள் அரிசிக்கு வருவோம். ஒரு பாத்திரத்தைப் பிறர் வீட்டுக்கு வெறுமையாக அனுப்புவது நம் வீடுகளில் உண்டா? குழம்பு வந்த கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு கரண்டி சீனியாவது போட்டுத்தானே கொடுப்போம். வள்ளியம்மா விற்ற ஒவ்வொரு பாத்திரத்துக்குள்ளும் ஒரு கைப்பிடி அரிசியை மஞ்சள் தடவி, சின்னத் துணியில் முடிந்து வைத்தாள். வெளியே மூன்று சுற்றுப் பழைய பேப்பர், அட்டைப்பெட்டி. அரிசி வைப்பதை எல்லோரிடமும் சொல்லத்தான் செய்தாள். ஏழு நிமிடப் பேச்சில் ஆறாவது நிமிடத்தில் சொன்னாள்.

சன்னாசியின் மங்குத் தூக்கை ஈப்போவில் ஒரு பெண் வாங்கினாள். பிரித்துப் பார்த்தால் மஞ்சள் அரிசி முடிச்சு. தனியாக இருக்கிற வீடாம், பயந்துவிட்டாள். முடிச்சைப் படம் பிடித்துக் குழுவில் போட்டு, யார் வீட்டுச் செய்வினையை எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒரு மணி நேரத்தில் நூறு பேர் பேசினார்கள். எனக்கும் அரிசி வந்தது என்று நாலு பேர். தூக்கி எறிந்துவிட்டேன் என்று இரண்டு பேர். லெட்சுமியின் மருமகனும் அந்தக் குழுவில்தான் இருந்தான். இருட்டுவதற்குள் தாமான் முழுக்க வள்ளியம்மா செய்வினைக்காரி.

ஹேமநாதன் அழைத்தார். அவர் மேலும் குற்றமில்லை, குழு அவர் பேரில் நடக்கிறது.

"நான் சொன்னேனே தம்பி. குரல்ல சொல்லித்தான் அனுப்புனேன்."

"ஆறாவது நிமிஷத்துல சொல்லியிருக்கீங்கக்கா. அது வரைக்கும் ஒருத்தரும் கேக்கல. அதான் மொதல்ல சொல்லுங்கன்னு தலைதலையா அடிச்சிக்கிட்டேன்."

அவளுக்கு அதுதான் சுட்டது. செய்வினை என்றதுகூட இல்லை. இத்தனை நாள், இத்தனை பாத்திரத்துக்கு, அவள் பேசியதை ஒருவரும் கடைசிவரை கேட்கவில்லை.

"இப்ப என்ன செய்யணும்கிற?"

"ஒண்ணும் பெருசா இல்லக்கா. மன்னிச்சிக்குங்க, இனிமே அரிசி போட மாட்டேன், அவ்வளவு மட்டும் பேசி அனுப்புங்க. இந்த ஞாயித்துக்கிழம அந்தப் பானைய ஏலத்துல ஏத்திடுறேன். இல்லாட்டி உங்கள வச்சிக்க முடியாதுக்கா."

அந்தப் பானை ஒன்றுதான் பாக்கி. நாற்பது பேருக்குப் பொங்கலாம், உள்ளே ஈயம் பூசிய பித்தளைப் பானை. அதன் படத்தையும் குரலையும் முன்கூட்டியே போட்டுவைத்திருந்தாள், ஏலம்தான் தொடங்கவில்லை. நல்லசாமி ஞாயிறு காலை அவளைக் கூட்டிப்போக வருவதாகச் சொல்லியிருந்தான். சனிக்கிழமை பழைய இரும்பு லோரி வரும். அதையும் அவனே ஏற்பாடு செய்திருந்தான்.

வள்ளியம்மா கைப்பேசியை அழுத்திப் பிடித்தாள். மன்னிச்சிக்குங்க என்பதுவரை வந்தது. பயந்தவளிடம் மன்னிப்புக் கேட்பதில் அவளுக்கு வெட்கமில்லை. அடுத்த பேச்சு வரவில்லை. அழித்தாள். மறுபடி அழுத்தினாள், மறுபடி அழித்தாள். நாலாவது தடவை அனுப்பியதுதான் அவள் வாழ்க்கையிலேயே பேசிய சின்னப் பேச்சு.

"பயந்தவங்க மன்னிச்சிக்குங்க. அரிசி போடுவேன். வேணாங்கறவங்க வாங்க வேணாம்."

குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். கைப்பேசி அடங்கிவிட்டது. புதன்கிழமை போனது. வியாழக்கிழமை முழுக்க அவள் பானைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வரைக்கும் ஒரு சொல் பேச ஆளில்லை. பானைக்கு அரிசி போட மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். சொல்லிவிட்டுப் போட்டால் அது பொய். சொல்லிவிட்டுப் போடாவிட்டால், அது அவள் கொடுத்த பானையே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"வள்ளியம்மா அக்காங்களா? நான் தம்பின் டவுன்லேர்ந்து அந்தோனியம்மாள் பேசுறேன். உங்ககிட்ட முறுக்கு உரல் வாங்குனேனே."

"அரிசிக்குத் திட்டப் போறியாம்மா?"

"ஐயோ, அத அன்னைக்கே கஞ்சியில போட்டுட்டேன்க்கா. நீங்கதான் சொன்னீங்களே, வெறும் பாத்திரமா குடுக்க கைவராதுன்னு. பானைக்குப் பேசுனதையும் கேட்டேன். காதுகிட்ட ஒட்டு இருக்கு, சாய்ச்சி தூக்கணும், சரிதானே?"

அந்த ஒட்டைச் சொன்னது ஏழாவது நிமிடத்தில்.

"எதுக்கும்மா ஒனக்கு அவ்ளோ பெரிய பானை?"

"ஞாயித்துக்கிழம மாதா கோயில் திருநாள்க்கா. கஞ்சி காய்ச்சணும். நீங்க ஆரம்ப வெலைன்னு சொன்னதுக்குக் கூடவே தரேன். எப்படி அனுப்புவீங்க?"

"இத எவன் எடுத்துக்கிட்டு வருவான்? நானே கொண்டாறேன்."

"வந்தா ரெண்டு நாள் இருந்து, காய்ச்சிக் குடுத்துட்டுத்தான் போவணும்."

வள்ளியம்மா டின்னில் அரிசி எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்த்தாள்.

அன்றே ஆறுமுகத்துக்குச் சொல்லி அனுப்பினாள். மத்தியானம் வேன் வந்து லயத்து முனையில் நின்றது. டின்னில் இருந்த அரிசி முழுவதையும் முறத்தில் கொட்டி, மஞ்சள் தடவினாள். பாதியைப் பானைக்குள் போட்டு, சன்னாசியின் வேட்டியால் வாயைக் கட்டினாள். பெட்டியை ஆறுமுகம் தூக்கிக்கொண்டான். பானையைத் தொடவிடவில்லை.

வாசலுக்கு வந்தவள் நின்று திரும்பிப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருடம் இருந்த வீடு, சுவரில் சட்டி மாட்டிய ஆணிகள்தான் மிச்சம். பானையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். முறத்தில் இருந்த மீதி அரிசியை அடுப்படி நடுவில் குவித்து வைத்தாள். அதைத்தான் பிறகு லெட்சுமி பார்த்தாள்.

லெட்சுமி அப்போது வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பேசாமலிருந்தவள் அன்று கேட்டேவிட்டாள்.

"பானையத் தூக்கிக்கிட்டு எங்க கெளம்பிட்ட?"

"தம்பினுக்கு."

"நாளைக்கி லோரி வருமே?"

"வரட்டும். ஆணி இருக்கு, புடுங்கிக்க சொல்லு."

"அப்ப நல்லசாமி வந்தா?"

வள்ளியம்மா பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். அரிசி உள்ளே ஒரு பக்கமாகச் சரிந்தது. ஒட்டுப் போட்ட காதை மேல்பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள்.

"போன் பண்ண சொல்லு லெட்சுமி," என்றாள். "எடுத்துப் பேசுறேன்."

கதவைச் சாத்தவில்லை. படியிறங்கி நடந்தாள்.