ஓட்டக் குருவியும் இடது கண்ணும்

ஜொகூரில் அந்தக் காலத்தில் ஓர் அரிய பறவையைப் பார்க்க என்னென்ன வேண்டும் என்பதை நான் இன்றும் மறக்கவில்லை. பத்து பாகாட்டில் மாவட்ட அலுவலகக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, அந்தக் காகிதங்களை எழுதிக் கொடுத்தவன் நான்தான். துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். அது வெளியூரில் எடுத்த உரிமமானால் எங்கள் அலுவலகத்து முத்திரை வேண்டும். தோட்ட நிலத்துக்குத் தோட்டத்துரையின் சம்மதம் வேண்டும். அருங்காட்சியகத்துக்கு என்று சொல்லிச் சுடுவதானால், அரசாங்க ஆள் ஒருவர் கூடவே போய் நிற்க வேண்டும். பறவைக்கு மட்டும் எந்தக் காகிதமும் கேட்கவில்லை.

பார்க்க என்று எழுதிவிட்டுச் சுடுவதைப் பற்றிப் பேசுகிறேனே என்று இந்தக் காலத்து வாசகர் திகைக்கலாம். அப்போது இரண்டும் ஒன்றுதான். என்னைப் போல் பித்தளைத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு சேற்றில் நிற்பவன் பார்த்தது பார்வையில் சேராது. பறவையைச் சுட்டு, உரித்து, பாஷாணம் கலந்த சோப்பைத் தோலுக்குள் தடவி, பஞ்சடைத்துப் பெட்டியில் வைத்தால்தான் ஒருவர் அதைப் பார்த்தார் என்று படித்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

நான் சொல்லவந்த தோட்டம் ஊரிலிருந்து வெகுதூரம் உள்ளே, மண் சாலை முடியும் இடத்தில் இருந்தது. ரப்பர் விலை ஏறியிருந்த சமயம். இருந்த மரம் போதாதென்று பக்கத்துக் காட்டையும் வெட்டிச் சாய்த்துக் காயப் போட்டு நெருப்பு வைத்திருந்தார்கள். அப்படி எரித்த நிலத்தை எரிகாடு என்பார்கள். மூன்று பக்கம் தீ வைத்து, நான்காவது பக்கத்தில் ஆட்கள் பாராங் கத்தியோடு நிற்பார்கள். உடும்போ சருகுமானோ முள்ளம்பன்றியோ, வெளியே வருவது எதுவானாலும் வெட்டு விழும். முதுகு மயிர் எரிய எரிய ஓடிவந்த ஒரு தாய்ப் பன்றியை எப்படி வெட்டினோம் என்று ஒருவர் எனக்குக் கல்யாண விருந்தை விவரிப்பது போல விவரித்தார்.

தீ அணைந்து, மழை சாம்பலைக் கரைத்துக்கொண்டு போனபின், கருகிய கட்டைகளுக்கு நடுவே வெளிறிய மணல் மட்டும் மிஞ்சியது. பாலை என்று தனியாக ஒரு நிலம் கிடையாது, மற்ற நிலம் கெட்டால் வருவதுதான் பாலை என்று பள்ளியில் எனக்குப் படிப்பித்தார்கள். வருடம் முழுவதும் மழை கொட்டும் ஜொகூரில் அதைக் கண்ணால் கண்டேன்.

அந்த மணலில்தான் பறவை வந்து இறங்கியது. மணல் நிறம், புறாவைவிடச் சிறிய உடம்பு, நீளமான வெளிர் கால்கள், கண்ணிலிருந்து பிடரிக்கு ஓடும் கறுப்பும் வெள்ளையுமான கோடு. பறக்காது, ஓடும். ஓடிப்போய் நிற்கும், நிமிர்ந்து பார்க்கும், குனிந்து எதையோ கொத்தும், மறுபடி ஓடும். களை பிடுங்கிய பெண்கள் அதற்கு ஓட்டக் குருவி என்று பெயர் வைத்துவிட்டார்கள். தோட்டத்துரை சிங்கப்பூரில் இருந்த தன் நண்பருக்கு எழுதினார். அந்த நண்பர் கப்பல் வியாபாரி. பறவைத் தோல் சேர்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. அது அரபு தேசத்துப் பாலைவனங்களில் இருக்கும் இனம் என்றும், இந்தப் பக்கத்தில் இதுவரை யாரும் எடுத்ததில்லை என்றும் பதில் எழுதிவிட்டு, தன் மோட்டார் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கூடப் போய் நிற்கும் அரசாங்க ஆளாக மாவட்ட அதிகாரி என்னை அனுப்பினார். பறவைப் பைத்தியம் பிடித்தவன் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர் இருந்ததுதான் காரணம்.

அன்று காலை, ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களத்தில் ஆண்களையும் பெண்களையும் பால்வாளியும் கம்புமாக நிறுத்தியிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"இதத் தின்னவா அம்புட்டுத் தூரத்துலேருந்து ஆளு வந்துருக்கு?"

"தின்ன இல்லடி. பஞ்சு வச்சித் தச்சி அலமாரியில வப்பாங்களாம்."

"அப்ப நம்ம கங்காணியயும் தச்சி வைக்கச் சொல்லு. பஞ்சு நெறையப் புடிக்கும்."

கங்காணியைத் தைக்கச் சொன்னவள்தான் இந்தக் கதையில் வருகிறவள். ஒல்லியான, நெட்டையான பெண். அவள் புருஷன் வரிசையின் மறுகோடியில் நின்றான்.

கங்காணி சொன்ன உத்தரவு மிகவும் சுருக்கமானது. "பன்னி ஓட்டு மாதிரிதான். வாளியத் தட்டிக்கிட்டு வரிசை கலையாம வாங்க." துரை தலையசைத்தார். சிங்கப்பூர் விருந்தாளிக்குத் தமிழ் தெரியாது. எனக்கோ பன்றி ஓட்டு தெரியாது. அதைப் பிறகுதான் விசாரித்து அறிந்தேன். அந்தத் தோட்டத்தில் பன்றியைத் துப்பாக்கிக்காரர் பக்கம் விரட்டும்போது, முதல் வெடி கேட்டதும் வாளித் தட்டு நின்றுவிடும். எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பன்றியை நோக்கி ஓடுவார்கள். அதன்மேல் முதலில் கை வைத்தவருக்குப் பின்னந்தொடை. யாரும் எழுதிவைத்த சட்டமல்ல, ஆனால் அங்கே யாரும் மீறாத சட்டம் அது ஒன்றுதான். அந்த நெட்டைப் பெண் அதற்கு முன்பே பலமுறை தொடை வாங்கியவளாம். பன்றி ஓட்டு மாதிரி என்று சொன்ன கங்காணிக்கு வெடிக்குப் பிறகு என்ன என்பதைச் சொல்லத் தோன்றவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை எதற்குச் சொல்வது?

வரிசை எரிகாட்டின் மேட்டிலிருந்து இறங்கியது. துரையும் விருந்தாளியும் நானும் கீழே, கருகிய ஒரு பெருமரத்துக்குப் பின்னால் நின்றோம். தோல் கிழியக் கூடாது என்பதற்காக விருந்தாளி மிகச் சன்னமான ரவை போட்ட தோட்டாக்களைக் கொண்டுவந்திருந்தார். மிளகில் பாதிகூட இராது ஒவ்வொன்றும். பறவை வாளிச் சத்தத்துக்கு முன்னால் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. அது எழும்பிப் பறக்கும் என்று அவர் காத்திருந்தார். அது பறக்கவில்லை. நின்ற பறவையைச் சுடுவது கனவானுக்கு அழகல்ல என்பது அவர்கள் வழக்கம். அரிய பறவைக்கு அந்த வழக்கம் செல்லாது போலிருக்கிறது. இரட்டைக் குழாய்த் துப்பாக்கியின் முதல் குழாயை வெடித்தார்.

பறவை உருண்டு விழுந்தது, எழுந்தது, ஒரு சிறகை மணலில் இழுத்துக்கொண்டு வந்த திசையிலேயே திரும்பி ஓடியது. வாளிகள் நின்றன. வரிசை கலைந்து ஓடிவந்தது. எல்லோருக்கும் முன்னால் அந்த நெட்டைப் பெண், குனிந்து, கையை நீட்டிக்கொண்டு. விருந்தாளியின் கண் பறவையைவிட்டு அகலவில்லை. குழாயைத் தாழ்த்தி இரண்டாவதையும் வெடித்தார்.

பறவை செத்தது. அவளுடைய கை அதன்மேல் இருந்தது. முழங்காலில் உட்கார்ந்தபடி அவள் முகத்தைத் தூக்கினாள். வலது கண் இருந்த இடத்தில் இரத்தமும் வெள்ளையாக ஏதோ ஒன்றும் வழிந்தன. இடது இமை உப்பி மூடியிருந்தது. நெற்றியிலும் கன்னத்திலும் எறும்பு மொய்த்தது போல ரவைகள் தோலுக்கடியில் தெரிந்தன. அவள் கத்தவில்லை. கத்தியது மற்றவர்கள்.

புருஷன் இடுப்புக் கத்தியை உருவிக்கொண்டு விருந்தாளியை நோக்கி வந்தான். எங்களுக்கு எட்டும் தூரத்துக்கு வருமுன் கங்காணி அவன் முழங்காலில் கம்பால் அடித்துக் கீழே தள்ளினார். பிறகு கங்காணியின் ஆட்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள். காலையில் கொடுத்த அதே கம்புகள், அதே வாளிகள். வாளியின் விளிம்பு அவன் வாயில் இறங்கியபோது பல் உடையும் சத்தம் எனக்குக் கேட்டது. போதும் என்று துரை சொல்வதற்குள் அவன் முகத்தில் முகம் இல்லை. துரை நிதானமாகப் பேசும் மனிதர். போதும் என்ற சொல்லை அவர் சொல்லி முடிக்க நேரம் எடுத்தது.

தோட்டத்தில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸர் ஓடிவந்து அவள் இமையை விலக்கிப் பார்த்தார். வலது கண் போய்விட்டது, இடது கண்ணின் ஓரத்தில் ஒரு ரவை நிற்கிறது, பட்டணத்து டாக்டர் உடனே எடுத்தால் கண் தங்கும், வெயில் ஏறி வீக்கம் கூடினால் தங்காது என்றார். தோட்டத்து லாரி ரப்பர் ஏற்றிக்கொண்டு விடியற்காலையே போய்விட்டது. இருந்தது விருந்தாளியின் மோட்டார் ஒன்றுதான். அதை ஓட்டத் தெரிந்தவரும் அவர் ஒருவர்தான். துரையிடம் இருந்தது குதிரை.

விருந்தாளி வருத்தப்படாதவர் என்று சொல்ல மாட்டேன். முகம் வெளுத்திருந்தது. ஆனால் பறவை அவர் கையில் இருந்தது. இந்த வெயிலில் பறவை சீக்கிரம் அழுகும். தோல் இளகி இறகு உதிரும். பங்களாவுக்குப் போய் முதலில் உரித்துவிடலாம், அதிக நேரம் ஆகாது, உடனே கிளம்பிவிடலாம் என்று துரையிடம் சொன்னார். துரை அதையும் யோசித்தார்.

நான் மிகுந்த மரியாதையோடு ஆங்கிலத்தில் குறுக்கிட்டேன். இந்தப் பெண் தோட்டத்திலேயே இறந்துபோனால் மரண விசாரணை வரும் என்றேன். அப்போது துப்பாக்கியும், காலித் தோட்டாக்களும், அந்தத் தோட்டாவால் சுடப்பட்ட எல்லாமும் சான்றுப் பொருளாக முத்திரை வைக்கப்படும். பறவையும் அதில் சேரும். அதை உரித்தால், சான்றுப் பொருளைச் சேதப்படுத்தியதாக நீதிமன்றம் கொள்ளும். பத்து பாகாட் காவல் நிலையத்தில் அவற்றை வைக்கும் அறைக்குத் தகரக் கூரை; ஜன்னல் கிடையாது. விசாரணைக்கு நாள் குறிக்க வழக்கமாக எவ்வளவு காலம் ஆகிறது என்பதையும் சொன்னேன். பறவையைப் பற்றிய பகுதி எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் சங்கடமாக இருந்திருக்கும்.

பறவையை ஈர இலையில் சுற்றி பிஸ்கோத்து டின்னில் வைத்துக்கொண்டு அவர் மோட்டாரைக் கிளப்பினார்.

அவளைப் பின்னால் படுக்க வைத்தோம். புருஷனை விட்டுவிட்டு வருமாறு துரை சொன்னார். அவள் தடவிப் பார்த்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அவனையும் ஏற்ற வேண்டியதாயிற்று. அவன் கத்தியைக் கங்காணி வாங்கி வைத்துக்கொண்டார்.

"எங்கடா போயிருவ? இங்கதான வரணும்" என்று அவனிடம் சொல்லி அனுப்பினார்.

நான் முன்னால் விருந்தாளிக்குப் பக்கத்தில், டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே பறவை இன்னும் சூடாக இருந்தது.

சாலை முழுவதும் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் தலை அவன் மடியில். அவன் கண் அவளைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த விருந்தாளியின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெயிலில் சிவந்த, கொழுத்த பிடரி; அவன் கைக்கு எட்டும் தூரம். அவன் இரண்டு கைகளும் மெதுவாக இருக்கையின் விளிம்புக்கு வந்தன. கத்தி இல்லாவிட்டால் என்ன, கோடாரி பிடித்த கை. நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அதற்கு எந்த விதியும் எழுதப்படவில்லை.

அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்க முடியாது. மடியின் இறுக்கம் மாறியதை உணர்ந்தாளோ என்னவோ.

"அவரத் தொடாத" என்றாள். "வண்டி நின்னுரும்."

அவன் கைகள் அங்கேயே இருந்தன.

"கண்ணு போயிரும்யா. எனக்கு இது ஒன்னுதான் மிச்சம். நீ அப்பறமா என்னமும் பண்ணு."

அவன் கைகளை எடுத்து அவள் நெற்றியில் வைத்தான். விருந்தாளி என்னிடம், அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். வேகமாகப் போகச் சொல்கிறாள் என்று மொழிபெயர்த்தேன். நீதிமன்றத்தில் சில சமயம் மொழிபெயர்ப்பாளனாகவும் இருந்திருக்கிறேன். அதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு நான் செய்ததில்லை. அவர் வேகத்தைக் கூட்டினார்.

ஆஸ்பத்திரியில் அவளைத் தூக்குக்கட்டிலில் உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டர் வாசலிலேயே இமையைத் திறந்து பார்த்துவிட்டு, இப்போதே எடுத்துவிடலாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். புருஷன் சாத்திய கதவைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு திரும்பி, மோட்டார் நிற்கும் இடத்துக்கு வந்தான். விருந்தாளி அங்கே சிறு கத்தியும் சோப்பும் எடுத்து வைத்துக்கொண்டு, நிழலான ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலருகில் காவலர் ஒருவர் எப்போதும் இருப்பார் என்பது எனக்குத் தெரியும். அவரை எப்படி அழைக்க வேண்டும், என்ன வாசகத்தில் முறையிட வேண்டும் என்பதும் தெரியும். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன். சாலைப் புழுதி அதிகம். கண்ணாடி இல்லாமல் எனக்கு முன்னால் இருப்பது எதுவும் சரியாகத் தெரியாது, ஆகவே சாட்சி சொல்லவும் முடியாது. காது நன்றாகக் கேட்கும். முதலில் டின் உருண்டது. பிறகு எலும்பின் மேல் எலும்பு படும் சத்தம், அடுத்தடுத்து, அவசரமில்லாமல், விறகு பிளப்பவன் மூச்சு வாங்குவதைப் போல மூச்சு வாங்கிக்கொண்டு. கண்ணாடி நன்றாகச் சுத்தமான பிறகுதான் மாட்டினேன்.

விருந்தாளியின் தாடையையும் அதே ஆஸ்பத்திரியில்தான் கட்டினார்கள். புகார் கொடுக்கலாமா என்று காகிதத்தில் எழுதி என்னிடம் காட்டினார். தாராளமாகக் கொடுக்கலாம், அடி ஏன் விழுந்தது என்ற கேள்விக்கும் அதே காகிதத்தில் பதில் எழுத வேண்டும் என்று சொன்னேன். காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார். பறவையை எறும்பும் வெயிலும் பங்கிட்டுக்கொண்டன. துப்புரவு செய்பவர் டின்னோடு தூக்கி எறிந்தார். ஆகவே ஜொகூரில் அந்தப் பறவையை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

கட்டு அவிழ்த்த அன்று நான் போயிருந்தேன். அலுவல் எதுவும் இல்லை. வலது பக்கம் பள்ளமாகத் தைக்கப்பட்டிருந்தது. டாக்டர் இடது கண்ணிலிருந்து பஞ்சை எடுத்து, திறந்து பார் என்றார். அவள் திறந்தாள். நீர் கொட்டியது. கட்டிலுக்கு எதிரில் அவள் புருஷன் நின்றான். உதடு பிளந்து, மூக்கு ஒருபக்கம் சாய்ந்து, முன்பல் இல்லாமல், மஞ்சளும் நீலமுமான முகத்தோடு நின்றான். அவனை அடித்ததை அவள் பார்த்திருக்கவில்லை. யாரும் அவளுக்குச் சொல்லவும் இல்லை.

வெகுநேரம் பார்த்தாள். டாக்டர் என்ன தெரிகிறது என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லாமல் புருஷனிடம் கேட்டாள்.

"யாருய்யா உன்ன இப்படி அடிச்சது?"

"விழுந்துட்டேன்" என்றான்.

அவள் பார்வை அவன் முகத்திலிருந்து இறங்கி, தோல் உரிந்து பொருக்குத் தட்டியிருந்த விரல் முட்டிகளில் நின்றது.

"கையுமா?" என்றாள்.