மாத்திரையும் மூன்று சுற்று டீயும்

பாலைவன நகரமான நவாக்சோத்தின் சந்தையில் உலர்ந்த ஒட்டக இறைச்சி என்றால் தெக்பர் கடைதான். கணவன் விட்டுப் போனபின் ஒரு தகரத் தட்டோடு வந்து உட்கார்ந்தவள், எவன் தயவும் இல்லாமல் சொந்தக் கடை எழுப்பினாள். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எடையில் அவளை ஏமாற்றியவனும் இல்லை. சும்மா சொல்லக் கூடாது, அவள் போடும் டீக்கு இருந்த பெயர் இறைச்சிக்குக்கூடக் கிடையாது.

அந்தக் கோடையில்தான் தரை அவள் காலடியை விட்டு நழுவத் தொடங்கியது. மணல் பறக்கும் மதியங்களில் சந்தையே பஞ்சாக மிதக்கும். வாங்க வந்தவர்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போலிருக்கும். வலி இல்லை. ஒருவிதத்தில் சுகமாகக்கூட இருந்தது.

மருத்துவமனையில் ரத்தம் குறைவு என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். தவறாமல் விழுங்கினாள். மறுபடி பரிசோதித்தபோது ரத்தம் துளியும் ஏறவில்லை.

"இப்படியே போனா கடையை மூடிட்டுப் படுக்க வேண்டியதுதான்" என்றாள் மருத்துவர். "மாத்திரையை எதோட முழுங்குறீங்க?"

"இதென்ன கேள்வி தாயி? டீயோடதான். என் டீயில கல்லைப் போட்டாலும் செரிக்கும்!"

மருத்துவர் சிரித்துவிட்டாள். "அதான் வில்லங்கமே. இரும்பை உடம்புல சேர விடாம டீ பிடிச்சு வச்சுக்குது. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடிங்க. மாத்திரைக்கு ஆரஞ்சுச் சாறு நல்லது. ஊருக்கெல்லாம் இறைச்சி விக்கிறீங்களே, நீங்க தின்னுறதுண்டா?"

"நல்ல துண்டெல்லாம் விருந்தாளிக்குத்தான்."

மறுநாள் மதியம் ஒட்டக வியாபாரிகள் கடைக்குள் சாப்பிட அமர்ந்தார்கள். அன்று தெக்பர் தனக்கும் இறைச்சி வைத்துக்கொண்டாள். சாப்பாடு முடிந்ததும் டீ. கைக்கு எட்டிய உயரத்திலிருந்து ஊற்றினாள். குவளைகளில் நுரை மேகம்போல் எழுந்தது. டீ போட்டவள் முதல் மிடறு குடித்துப் பார்க்காமல் யாரும் தொடமாட்டார்கள்; அது அந்த ஊர் வழக்கம். எல்லோரும் அவள் கையையே பார்த்தார்கள். புதினா மணம் அவளை எங்கோ இழுத்துக்கொண்டு போனது. ஒரு மிடறுதானே?

பக்கத்துக் கடை ஸல்கா விடுவாளா? "என்னடி, உன் டீயைக் குடிக்க உனக்கே பயமா?"

தெக்பர் குவளையை அவள் பக்கம் தள்ளினாள். "நான் படுத்தா இந்தக் கடையை வளைச்சுப் போடலாம்னு பார்க்கிறியே, அது நடக்கக் கூடாதுன்னுதான். நீயே குடிச்சுச் சொல்லு."

ஸல்கா ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடினாள். "சர்க்கரை கம்மி."

"உன் நாக்குக்குக் கரும்புத் தோட்டமே பத்தாதுடி!"

வியாபாரிகள் விழுந்து விழுந்து சிரித்தபடி குவளைகளை எடுத்தார்கள். வழக்கமான மூன்று சுற்றையும் தெக்பரே ஊற்றினாள். ஒரு சொட்டும் தன் நாவில் படவிடவில்லை. ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாகத் தின்றபடி, ஆவிக்குள் கரைந்து கரைந்து தெரிந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் ஒரு குடிப்புதான் என்று தோன்றியது.

குளிர்காலம் பிறந்தபோது ரத்தம் ஏறியிருந்தது. கடையை ஒரு நாளும் மூடவில்லை.