சந்தனமாரியின் குலவை

ராயகிரியில் சந்தனமாரி குலவை போட்டால் சிவகிரியில் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது சும்மா கேலிக்குச் சொல்வது. ஆனாலும் தொண்டை அப்படிப்பட்டதுதான். நடவோ, சடங்கு வீடோ, அம்மன் கோயில் கொடைவிழாவோ, அவள் இல்லாமல் குலவை எடுபடாது. ரகசியம் சொன்னாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். "ஏட்டி, மெதுவாப் பேசேன்" என்று புருஷன் கடற்கரை கெஞ்சாத நாள் கிடையாது.

போன கொடையில் மேளம் முழங்கியதும் அவர்கள் மகள் அபர்ணா வில்லாக வளைந்தாள். ஏழு வயசுப் பிள்ளை. உடம்பு விறைத்து, பல் கிட்டித்து, முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு. "புள்ளைக்கு அம்மன் வந்துருக்கா!" என்று கூட்டம் மஞ்சள் தண்ணீரை ஊற்றியது. சந்தனமாரிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. மகளின் காதோரம் நின்று குலவை போட்டாள். போடப் போட அபர்ணா இன்னும் வளைந்தாள்.

தீர்த்தம் கொடுக்கக் குனிந்த சாமியாடி பேச்சிமுத்து அண்ணாச்சிதான் பதறிப்போய் நிமிர்ந்தார்.

"மேளத்த நிப்பாட்டுங்கலே! சாமி வந்தா வாயத் தெறந்து குறி சொல்லும். இவளுக்குப் பல்லே தெறக்கல. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கலே!"

தென்காசி ஆஸ்பத்திரியில் பிள்ளையின் பாதத்தைப் பார்த்ததுமே டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. முள் குத்திய புண்ணில் சுண்ணாம்பு அப்பியிருந்தது. ரணஜன்னி, டெட்டனஸ் என்பார்களே அதுதான். "தடுப்பூசியெல்லாம் போட்டீங்களா?" என்று கேட்டார். கைக்குழந்தையாக இருந்தபோது முதல் ஊசிக்குக் காய்ச்சல் கொதித்ததைப் பார்த்துப் பயந்து, அதன்பிறகு நர்ஸ் தெருவுக்கு வந்தாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு ஓடியவள் சந்தனமாரி. பாழாய்ப்போன பாசம்!

"மருந்து ஏத்தியாச்சு, மூச்சுக்கு மெஷின் வச்சிருக்கு," என்றாள் நர்ஸ் இராமலட்சுமி. "இதுல எல்லாப் பிள்ளையும் பொழச்சிரும்னு சொல்ல முடியாதும்மா. பொழச்சிட்டா பழையபடி ஓடியாடுவா. ஆனா அதுவரைக்கும் சத்தம் மட்டும் ஆகாது. சின்னச் சத்தத்துக்கும் உடம்பு முறுக்கிரும்."

சந்தனமாரிக்குத் தலையில் இடி விழுந்தது. காதோரம் நின்று போட்ட குலவையெல்லாமா பிள்ளையை முறுக்கியது? ஐயோ, பெற்றவளே எமனா?

அன்றைக்கு மூடிய வாய்தான். வளையலையும் கொலுசையும் கழற்றி வைத்தாள். இருட்டாக்கிய அறையில் அழுகை முட்டினால் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வாள். எதற்கும் கைஜாடைதான். "ஏட்டி, ஒரு வார்த்த பேசேன்" என்று கடற்கரையே கெஞ்சும்படி ஆயிற்று.

வாரங்கள் போயின. முறுக்கு மெல்ல மெல்ல விட்டது. மெஷினையும் எடுத்தார்கள். ஒரு காலையில் இராமலட்சுமி கரண்டியில் கஞ்சியை நீட்ட, அபர்ணா வாயைத் திறந்தாள். விழுங்கவும் செய்தாள். பிறகு மூலையில் நின்ற தாயைப் பார்த்து, "யம்மா, ஏன் என்ட்ட பேச மாட்டேங்கே? கோவமா?" என்றாள்.

"இனிமே நீங்க பேசலாம்மா," என்றாள் இராமலட்சுமி.

சொன்ன பிறகும் சந்தனமாரிக்குப் பயம் விடவில்லை. மகளின் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தாள். விறுவிறுவென்று படியிறங்கி, வாசலைத் தாண்டி, பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் ரோட்டோரம் போய் நின்றாள். அத்தனை நாள் அடக்கியதையெல்லாம் சேர்த்து ஒரு குலவை போட்டாள் பாருங்கள்!

மாடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அபர்ணாவுக்கு உடம்பு துளியும் முறுக்கவில்லை. "அது எங்கம்மா," என்றாள்.