சக்கரத்தில் பூசிய சந்தனம்

அக்கா இல்லாத ஒரு வருடம் எப்படியோ ஓடிவிட்டது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் கணவர், எங்கள் மாமா, சொல்லிவிட்டார். உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் மறுபடி உட்காரத் தோன்றுகிறது. அச்சகத்திலிருந்து போன் மேல் போன் வருகிறது. அக்கா இருந்திருந்தால், "எழுதுறதுக்கு என்னடா இவ்ளோ பிகு? உக்காந்து முடி" என்றிருப்பார். சொன்ன கையோடு அவர் எழுந்து வேறு வேலைக்குப் போயிருப்பார் என்பது வேறு விஷயம்.

ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்காக ஹைதராபாத் வந்த குடும்பம் எங்களுடையது. அக்கா பிறந்தது ரயில்வே குடியிருப்பில். அம்மா நோயில் விழுந்தபோது அக்கா பள்ளிக்கூடத்தைக்கூட முடித்திருக்கவில்லை. சமையல், என் படிப்பு, அம்மாவுக்கு மருந்து எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டே டிப்ளமா முடித்தார். ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கம்பெனி பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்காராமல் கதவருகே நின்றபடியே வருவாராம். உடன் வேலை பார்த்தவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

விருப்ப ஓய்வு பெற்று லோத்குண்டாவில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, படகு ஏற்றும் ட்ரெய்லர் செய்யப்போவதாக அவர் சொன்னபோது உறவில் பலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடலே இல்லாத ஊரில் படகு வண்டியா? ஆனால் ஹுசேன் சாகரில் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்கள் போட்டிக்காகப் படகை ஊர் ஊராக இழுத்துப் போவார்கள். அவர்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். சிரித்தவர்களும் பிறகு வந்து கொட்டகை வாசலில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். பெயர் சொல்லவில்லை, இந்த மலர் அவர்கள் கைக்கும் போகும்.

அக்காவின் வேலை முறை இப்படி. சக்கரங்களைத் தாங்கும் அச்சான ஆக்ஸிலை வண்டிச் சட்டத்தில் பூட்டுவதற்கு முன், வண்டியின் மூக்கிலிருந்து ஆக்ஸிலின் இரு முனைக்கும் டேப் பிடிப்பார். இரண்டும் ஒன்றாக வரும்வரை விடமாட்டார். கொஞ்சம் பிசகினாலும் வண்டி ரோட்டில் நண்டு மாதிரி பக்கவாட்டில் போகும் என்பார். அடுத்தது பிரேக். முன்னால் போகும் கார் நின்றால் பின்னால் வரும் படகு தள்ளும். அந்தத் தள்ளலே ட்ரெய்லரின் பிரேக்கைப் பிடிக்க வைக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார், இறுக்குவார், தளர்த்துவார், மறுபடி சுற்றுவார். பார்க்கிற நமக்குப் பொறுமை போய்விடும்.

இதோடும் முடியாது. புது வண்டி ஒரு சுற்று ஓடித் திரும்பியதும் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குவார். அதுவரை பூசையும் கிடையாது, எலுமிச்சம்பழமும் கிடையாது. "பிரேக் நிக்கட்டும், அப்புறம் சாமி கும்பிடலாம்" என்று மாமாவை அடக்கி வைத்திருந்தார். மாமாவோ பக்திமான். புதுக் குக்கருக்குக்கூடப் பொட்டு வைப்பவர்.

கடைசி ட்ரெய்லரின் ஆக்ஸிலையும் பிரேக்கையும் அக்கா தன் கையாலேயே பொருத்தினார். அவருக்கு வந்த புற்றுநோய் ஈரலுக்குப் பரவியிருந்த சமயம் அது. பாதி வேலையில் முகம் வெளுத்துப்போகும், சுவரைப் பிடித்துக்கொள்வார், "ஒண்ணும் இல்லடா" என்பார். சக்கரம் மாட்டுவது மட்டும் மிச்சமிருக்க, திருமுல்கேரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். மற்றதைக் கொட்டகை ஊழியர் யாதய்யா பார்த்துக்கொண்டார்.

ஒரு காலை நேரம் மாமா மலர்ந்த முகத்தோடு அறைக்கு வந்தார். வண்டி படகோடு கிளம்பிவிட்டது, விஜயவாடா சாலையில் போய்க்கொண்டிருக்கிறது என்று போனில் படத்தைக் காட்டினார். அக்கா அதை விரலால் பெரிதாக்கினார்.

"நட்டைச் சுத்தி மஞ்சளா என்னங்க?"

"சந்தனம். நீ நல்லபடியா எழுந்து வரணும்னு வெச்சேன்."

"மாட்டறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான். சக்கரத்தைக் கீழே படுக்க வெச்சிருந்தாங்க, ரெண்டு பக்கமும் நல்லா பூசிட்டேன்."

அக்கா கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸோடு கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். "டேய் தம்பி, சக்கரம் உக்கார்ற இடத்துல காய்ஞ்ச சந்தனம் ஓட ஓடப் பொடியா உதிரும்டா. நட்டு லூசாயிடும். பின்னாடி பைக்ல வர்றது யார் வீட்டுப் புள்ளையோ! போங்கடா, ஓடுங்க!"

ஓடினோம். யாதய்யாவையும் ஸ்பானரையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டோம். வண்டியைக் காரில் இழுத்துப் போன படகுக்காரருக்கு அடித்த போனை அவர் எடுக்கவில்லை. எதிரில் ஆம்புலன்ஸ் வந்தால்கூட அதைத் திரும்பிப் பார்த்தேன். "ஏம்பா, நீயாவது துடைச்சிருக்கக் கூடாதா?" என்று யாதய்யாவிடம் எரிந்து விழுந்தேன். "நக்கோ, வேணாம் அண்ணா, சாமி சந்தனம், எப்படி துடைக்கிறது?" என்றார் அவர். மாமா முழங்காலைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாலையோர டீக்கடை ஒன்றில் வண்டி நின்றிருந்தது. படகுக்காரர் கையில் டீயோடு, "கைக்கு இத்னா ஜல்தி பாய்?" என்று, இவ்வளவு அவசரம் எதற்கு எனக் கேட்டுச் சிரித்தார். அவசரத்தின் காரணம் அவருக்கு எப்படித் தெரியும்? நான் குனிந்து இடது சக்கரத்து நட்டைத் தொட்டேன். விரலுக்கே சுழன்றது. அவர் சிரிப்பு நின்றுபோனது.

சக்கரங்களைக் கழற்றினோம். மாமா தோளில் கிடந்த துண்டால் சந்தனத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தார். அவர் கண்ணில் நீர் நின்றது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஸ்பீக்கர்ல போட்டு ஸ்பானர்கிட்ட வை. எதிரெதிரா இறுக்கு, வட்டமா போகாத."

போதுமான அளவு இறுகியதும் அந்த ஸ்பானர் 'டிக்' என்று சொல்லும். ஒவ்வொரு 'டிக்'குக்கும் மறுமுனையில் "ஹவ்... ஹவ்..." என்று எங்கள் ஊர் 'ஆமாம்' கேட்டது. எல்லாம் முடிந்ததும் மாமாவைக் கூப்பிட்டார்.

"என்னங்க, அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. எடுத்துட்டு வாங்க."

திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று மாமா பயந்தார். மருத்துவமனைக்குத் திரும்பியதும் அக்கா துண்டை விரித்தார். கிரீஸ் கலந்து கறுத்திருந்த சந்தனத்தில் விரலைத் தேய்த்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். "எனக்கு வெச்சதுதானே? சக்கரத்துக்கு எதுக்கு?" என்றார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை போல் அழுதார். அக்கா நிம்மதியாகச் சாய்ந்து படுத்து நான் பார்த்தது அன்றுதான். அடுத்த வாரம் போய்விட்டார்.

அக்காவைத் தாய்போல் இருந்து பார்த்துக்கொண்ட செவிலியர்கள், இரவு பகல் பாராமல் சாப்பாடு கொண்டுவந்த லோத்குண்டா அக்கம்பக்கத்தார், கொட்டகையை இன்றும் திறந்து வைத்திருக்கும் யாதய்யா, ஜோலார்பேட்டையிலிருந்து வந்து நின்ற உறவுகள், அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அக்கா செய்த வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து நட்டை ஒரு தரம் பாருங்கள்.

இதை எழுதி முடிக்கும்போது கூடத்தில் மாமா அக்காவின் படத்தை மாட்டிக்கொண்டிருக்கிறார். கிண்ணத்தில் சந்தனம் குழைத்துத் தயாராக இருக்கிறது. ஆனால் முதலில் ஆணியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்.