கதவில் இருந்த பெயர்

கனடாவின் மொன்றியலில் ஒரு கல்லூரியின் விளையாட்டுக் கட்டடத்தில் அப்போது துப்புரவு வேலை செய்தேன். முட்டை வடிவப் பந்தைக் கட்டிப்பிடித்து ஓடும் கால்பந்துக்குப் புதிதாக வந்த பயிற்சியாளர், முதல் வருடமே கோப்பை வென்றார். மாணவர்கள் அவரைத் தோளில் தூக்கிய படத்தை உள்ளே நடைபாதைச் சுவரில் மாட்டினார்கள்.

அடுத்த செப்டெம்பரில் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. வென்ற மாணவர்களில் பாதிப்பேர் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். புதியவர்களை வைத்துக்கொண்டு அந்த மனுசன் என்ன செய்வார்?

"கோச்சின்ரை அறைக் கதவிலை இருக்கிற பேரைக் கழட்டட்டாம், தங்கச்சி," என்றார் மேற்பார்வையாளரான யாழ்ப்பாணத்து அண்ணை.

"மூண்டு மாட்சுக்கோ, அண்ணை? அப்ப போன வருசம் வெண்டது ஆர்?"

"எனக்கென்ன தெரியும்? மேலிடத்துக் கதை."

பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினேன்.

"அந்தப் படம்?"

"அது இருக்கட்டாம். கண்ணாடியை நல்லாத் துடைக்கட்டாம்."