அண்ணாச்சி அடைத்த காலி இடம்

ஆய்வுக்கூடத்தில் சோதித்துத் திருப்பி அனுப்பிய சாம்பிள் பெட்டியை ராஜபாளையம் மில்லின் தையல் பிரிவில் வைத்துப் பிரித்தோம். முன்னால் இருந்த மெல்லிய அலுமினியத் தகட்டில் மிளகு அளவு ஓட்டை. பின்னால் இருந்த கனத்த தகடோ கை நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது. சூப்பர்வைசர் அண்ணாச்சி கிழிசலைத் தடவிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

பேண்டேஜ் துணி செய்கிற மில் அது. தையல் பிரிவை மூடப்போவதாகப் பேச்சு அடிபட்ட நேரத்தில், விண்கலத்துக்குக் கவசம் தைக்கும் வேலையை முதலாளியிடம் மன்றாடி வாங்கித் தந்தவர் அண்ணாச்சிதான். சாம்பிள் தேறினால் ஆர்டர் வரும், நாங்கள் பிழைத்துக்கொள்வோம். துப்பாக்கிக் குண்டைவிட வேகமாக வரும் விண்கல் துணுக்கு முன்தகட்டில் பட்டுப் பொடியாகும்; அந்தப் பொடி விரிந்து பரவ நடுவில் காலி இடம் வேண்டும்; பரவி வலுவிழந்ததை எங்கள் துணி தாங்கிக்கொள்ளும். ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த வரைபடத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

ஆனால் எங்கள் தொழிலில் காலி இடம் என்றால் ஏமாற்று வேலை. பேண்டேஜ் பெட்டி குலுங்கினால் அளவு குறைவு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பயத்திலேயே தலை நரைத்தவர் அண்ணாச்சி. "ஏட்டி, இம்புட்டு எடத்தைச் சும்மா விட்டா பாக்குறவன் நம்மளப் பத்தி என்ன நெனப்பான்? நம்ம கணக்குல இன்னும் நாலு மடிப்பு வச்சு அமுக்குங்க" என்றார். காலி இடமே இல்லாமல் முன்தகட்டோடு ஒட்டத் துணியைத் திணித்தோம். பொடி பரவ வழியில்லாமல் மொத்தமும் ஒரே இடத்தில் இடித்துவிட்டது என்று ஆய்வுக்கூடத்துக்காரர் பிறகு போனில் சொன்னார்.

பிரிவை மூடிவிட்டார்கள். நான் மம்சாபுரத்தில் ஜாக்கெட் தைக்கிறேன். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம். அண்ணாச்சி ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டோடு முடங்கினார். எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் தலைகாட்டவில்லை. அவர் மனசு ஆறட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அவர்மேல் எனக்குக் கோபமே இருந்ததில்லை. கூட நாலு மடிப்பு வைக்கச் சொன்ன மனுஷனை யார் கோபித்துக்கொள்வார்கள்?

போன மாதம் அவர் இறந்த சேதி கேட்டு எல்லோரும் போனோம். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள்லாம் வருவியன்னு அவிய நெனைக்கவே இல்ல தாயி. வாசல்ல பொம்பளைக சத்தம் கேட்டாப் போதும், 'தையல் பிள்ளைக என்னைய ஏச வந்திருக்காளுக, நான் இல்லன்னு சொல்லு'ன்னு உள்ள போயிருவாவ" என்றார்.

நாங்கள் அதுவரை ஒருநாள்கூட அந்த வாசலுக்குப் போனதில்லை.